பென் டிரைவில் போட்ட குரல்

என் அக்கா டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து அவள் போடும் கூச்சலில், ரோட்டில் போகிறவன்கூட பிரேக் போடுவான். "ஐயா சாமி, அது கிளட்ச்! ஜென்ம விரோதி தலைன்னு நினைச்சா மிதிக்கிறீங்க?" என்பாள். திட்டு வாங்கியவர்களே தங்கள் பிள்ளைகளையும் அவளிடம்தான் அனுப்பினார்கள். முதல் நாளே பானெட்டைத் திறந்து காட்டிவிடுவாள். "ரிப்பேர் பண்ணச் சொல்லல. எதை மிதிச்சா எது நடக்குதுன்னாவது தெரிய வேணாமா?"

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்த வாயில்தான் இடி விழுந்தது. தொண்டையில் புற்றுநோய். குரல்வளையையே எடுக்க வேண்டும், அதற்கப்புறம் பேச்சு வராது என்றார் டாக்டர். பேச்சுப் பயிற்சி தருகிற அம்மா ஒரு வழி சொன்னார். வேண்டிய வார்த்தைகளையெல்லாம் இப்போதே கம்ப்யூட்டரில் பேசிப் பதிந்துகொண்டால், பிறகு டேப்லெட்டில் தொட்டதும் அவள் குரலிலேயே பேசுமாம்.

அக்கா கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். தண்ணீர் கேட்பது, மகளைக் கொஞ்சுவது, வேண்டாதவர்களை வாசலோடு அனுப்புவது. "உன்னைத் திட்டுறதுக்கு மட்டும் தனியா ஒரு டேப்லெட் வாங்கணும்டி" என்றாள். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

பழைய கம்ப்யூட்டரைக் கடையில் கொடுத்துத்தான் டேப்லெட் வாங்கினோம். கொடுப்பதற்கு முன்னால், திரையில் இருந்த குரல் ஃபோல்டரை அக்காவே பென் டிரைவில் போட்டாள். போட்டதோடு விடுகிறவளா அவள்? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, பென் டிரைவைத் திறந்து ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். எல்லாம் கணீரென்று பேசின. "எல்லாம் எடுத்துட்டீங்களாம்மா?" என்று கடைக்காரர் கேட்டதற்கு, "எடுத்தாச்சு, காதாலயே கேட்டாச்சு" என்றாள்.

ஆபரேஷன் முடிந்து அவள் எழுந்து உட்கார்ந்த அன்று, மகள் பென் டிரைவை டேப்லெட்டில் செருகினாள். ஃபோல்டரைத் தொட்டாள். திறக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு ஓடிக் கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"அந்த ஃபோல்டர் படத்தோட மூலையில குட்டியா ஒரு அம்பு இருந்துச்சாம்மா?"

"இருந்துச்சு."

"அது ஷார்ட்கட்மா. ஃபோல்டர் எங்க இருக்குன்னு காட்டும், அவ்வளவுதான். நீங்க அதே கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்ததால, கம்ப்யூட்டருக்குள்ள இருந்தது பேசியிருக்கு."

"அப்ப அதுக்குள்ளயே இருக்குமில்ல?"

"அதுல இருந்ததையெல்லாம் அழிச்சுட்டு அப்பவே வித்தாச்சேம்மா. இந்த அடிப்படையெல்லாம் யூஸ் பண்றவங்க தெரிஞ்சு வச்சிருக்கணும்."

தெரிஞ்சு வச்சிருக்கணுமாம்! வருடக்கணக்கில் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால்தான் குப்பை கொட்டுகிறேன். அந்த அம்பைத் தினமும் பார்க்கிறேன். அழகுக்கு வைத்தது என்றல்லவா நினைத்தேன்! கம்ப்யூட்டரில் ஆயிரம் வித்தை செய்துவைக்கிற பாவிகளுக்கு, 'இதற்குள் ஒன்றுமில்லை' என்று ஒரு வரி காட்ட மனசு வரவில்லையா? இல்லை, நான்தான் யாரையாவது கேட்டிருக்க வேண்டுமா? யாரைத் திட்டி என்ன, போனது போனதுதான்.

உள்ளே போனேன். மகள் என் முகத்தைப் பார்த்ததுமே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அக்கா, இதுல எதுவும் இல்லக்கா. முதல்லேருந்தே இல்ல."

அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். தொண்டைத் துளை வழியாகக் காற்று மட்டும் வந்தது. உதடு அசைந்தது.

'நாம கேட்டோமேடி.'

புரியாததுபோல் நின்றேன். மறுபடியும் அதையே சொன்னாள்.