தகரம் போன இடம்

அத்தையின் முன்பல் ஒரு திங்கட்கிழமை காலை, பத்தாம் மேடைப் பேருந்தோடு சேர்ந்து புறப்பட்டது. வழக்கம்போல் மைக்கை நகத்தால் இரண்டு தட்டு தட்டி, தொண்டையைக் கனைத்து, "தெற்கு நோக்கிச் செல்லும் பேருந்து புறப்படத் தயா..." என்று சொல்லிக்கொண்டு வந்தவர், அந்த 'தயா'விலேயே பல்லைத் துப்பிவிட்டார். அது மைக்கின் மேல் பட்டு எழுப்பிய 'டொக்', நிலையம் முழுக்க எல்லா ஒலிபெருக்கியிலும் கேட்டது. அத்தை கலங்கவில்லை. அறிவிப்பை மறுபடி முழுதாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் பல்லைத் தேடினார்.

முடித்ததுதான் வினை. பல் போன வாயில் 'தயாராக' என்பது 'ஃபயாராக' என்று வந்தது. பத்தாம் மேடை வண்டியில் தூங்கி வழிந்துகொண்டிருந்த ஒருவர் "ஃபயரா!" என்று அலறி, பெட்டியை ஜன்னல் வழியே எறிந்து, அதன் பின்னாலேயே தானும் குதித்தார்.

அத்தை என் அப்பாவின் அக்கா; பேருந்து நிலைய அறிவிப்பாளர். வெளியூர்களில் நெடுநாள் சுற்றிவிட்டு வந்து அவர் வீட்டு மாடியறையில் நான் தங்கியிருந்த சமயம் அது. எத்தனையோ நிலையங்களில் அறிவிப்புக் கேட்டிருக்கிறேன். சில மிரட்டும், சில கொட்டாவி விடும். அத்தையின் குரல் மட்டும், குடை எடுத்தாயா என்று கேட்டு வழியனுப்புவது போலிருக்கும். "அந்தக் கண்ணாடி ரூமுக்குள்ள என்னை யாரு பாக்குறா? என் குரல்தான் என் மூஞ்சி" என்பார்.

அன்று மாலையே கண்காணிப்பாளர் வந்தார். "பல்லு சரியாகுற வரைக்கும் லக்கேஜ் ரூம்ல உக்காருங்கம்மா. மெஷின் குரல் ஒண்ணு வாங்கி வெச்சிருக்கோம், அதைப் போட்டுக்கலாம்." அட்டைப்பெட்டியில் இருந்த அந்த மெஷின், அத்தையின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே வந்து இறங்கியது.

"அது ஒரு தடவை உக்காந்துச்சுன்னா எந்திரிக்காது, தங்கம்" என்றார் அத்தை என்னிடம். அவர் சொன்னபடியே எழுதினால் யாருக்கும் விளங்காது. பல்லோடு போனது 'த' என்ற எழுத்து. இங்கே தகரங்களை நானே சேர்த்துக்கொள்கிறேன்.

பல் டாக்டர் இளம்பெண். ஆடிக்கொண்டிருந்த பக்கத்துப் பல்லையும் எடுத்துவிட்டு, கழற்றி மாட்டும் பல்செட் போடலாம் என்று ஆரம்பித்தார்.

"என் தம்பி போட்டிருக்கான். அவன் தும்முனா வீடே குனிஞ்சுக்கும். வேற சொல்லும்மா."

பிரிட்ஜ் என்றார். இருபுறமும் உள்ள நல்ல பற்களை ராவி, அவற்றின் மேல் மாட்டுவது. சீக்கிரம் முடியும்.

"பக்கத்து வீட்டுச் செவுத்தை இடிச்சு என் வீட்டைக் கட்டறதா? அவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

கடைசியாக இம்ப்ளான்ட். தாடை எலும்பில் திருகாணி போல ஒன்றை இறக்கி, எலும்பு அதை இறுகப் பிடிக்கும்வரை சில மாதம் பொறுத்து, அதன்மேல் பல்லை வைப்பது.

"திருகாணி எதுல செஞ்சது?"

"டைட்டானியம். ஒரு உலோகம்மா."

"தகரம் போன எடத்துல தகரமா!"

"தகரம் இல்லம்மா, டைட்டானியம்" என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். அத்தையின் சிரிப்பு ஏனென்று கடைசிவரை அவருக்குப் புரியவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும். 'புறப்படத் தயாராக உள்ளது' வருமா?" இது மட்டும்தான் அத்தைக்குத் தெரியவேண்டியிருந்தது. டாக்டர் அதைத் தானே மெல்லச் சொல்லிப் பார்த்து, நாக்கு எங்கே படுகிறதென்று யோசித்தார். "நல்லா வரும். ஆனா சுகரைக் கட்டுக்குள்ள வெச்சுக்கணும். அதுவரைக்கும் தற்காலிகமா ஒரு கழட்டுற பல்லு தரேன்."

அதை மாட்டிக்கொண்டு அத்தை மைக்குக்குத் திரும்பினார்; அந்தத் தற்காலிகப் பல் ஒரே ஒரு காலைதான் உழைத்தது. தகரம் திரும்பியது, சகரம் விசிலடித்தது. "சில்லறை" என்று அத்தை ஆரம்பித்ததும், அதைக் கண்டக்டரின் விசில் என்று நினைத்த ஏழாம் மேடை டிரைவர், கண்டக்டரை விட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"பேசாம பிரிட்ஜைப் போட்டுட்டு நாற்காலியைக் காப்பாத்திக்கோக்கா" என்றார் அப்பா.

"இத்தனை வருஷமா ஊரையே காத்திருக்கச் சொல்லியிருக்கேன். இப்ப நான் காத்திருக்கறேன்." சர்க்கரை போடாத டீயை முகம் சுளித்துக் குடித்து முடித்தார். முடிவு அவ்வளவுதான்.

பல்லில்லாமலே அறிவித்துப் பார்க்கக் கண்காணிப்பாளரிடம் ஒரு வாரம் கேட்டு வாங்கினார். "ஒருத்தர் வந்து புரியலைன்னு சொன்னாலும் பெட்டியைப் பிரிச்சிடுவேன்" என்று சொல்லித்தான் அவர் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் அத்தை பீன்ஸுக்கு நார் உரித்தபடியே, தன் தமிழிலிருந்து தகரத்தையும் உரித்தெடுத்தார். பேருந்து 'வண்டி' ஆனது. பத்து, 'ஐயிரண்டு'. தெற்கு என்ற திசையே போய் 'கடல் பக்கம்' வந்தது. ஒன்பதுதான் படுத்தி எடுத்தது. பீன்ஸ் வெந்து இறக்கும்போது 'எட்டும் ஒன்றும்' என்று வழிக்கு வந்தது.

மறுநாள் காலை நிலையம் கேட்டது: "ஐயிரண்டாம் மேடையில் கடல் பக்கம் போகும் வண்டி கிளம்பும் நேரம். ஏறவும்."

பழக்கம் விட்டுப்போகக்கூடாதென்று வீட்டிலும் அதே பேச்சு. தங்கமாக இருந்த நான் 'பொன்னு' ஆனேன். 'தம்பி'யாக இருந்த அப்பா வெறும் 'டேய்' ஆனார்.

"பேரப்பிள்ளை எடுக்கற வயசுல டேய்யாக்கா?"

"பல்லு வர்ற வரைக்கும் டேய்டா."

கண்காணிப்பாளர் கண்ணாடி அறைக்குள் தலையை நீட்டினார். "ஐயிரண்டுன்னா என்னம்மா?"

"பெருக்கிப் பாருங்க சார்."

வாரத்தின் கடைசி நாள் ஒரு பயணி வந்து கண்ணாடியைத் தட்டினார். புகார்தான் என்று கண்காணிப்பாளர் பெட்டியின் மேல் கையை வைத்துவிட்டார். வந்தவர் சொன்னார்: "இப்பத்தான் சார் சுருக்கமா இருக்கு. முன்னாடியெல்லாம் இந்தம்மா முடிக்கறதுக்குள்ள வண்டியே போயிடும்."

அத்தைக்கு அது பாராட்டாகப் படவில்லை. ஆனாலும் பெட்டி மூடியே இருந்தது. மறுநாளிலிருந்து அதன்மேல் தன் கைப்பையை வைக்கத் தொடங்கினார்.

எலும்பு திருகாணியைப் பிடிப்பதற்குள் எனக்கு மறுபடி ஊர்சுற்றக் கால் அரிக்க ஆரம்பித்துவிட்டது. நான் கிளம்பியபோது வாசல்வரை வந்து, "பொன்னு, குடை?" என்றதோடு நிறுத்திக்கொண்டார். 'எடுத்தியா' வாய்க்குள்ளேயே நின்றது.

வெகுகாலம் கழித்து, மொழி புரியாத ஒரு நிலையத்தில் நான் காத்திருந்தபோது, அத்தையின் குரல்பதிவு ஒன்று கைப்பேசிக்கு வந்தது. முதலில் ஒரு கனைப்பு. பிறகு ஒலிபெருக்கிகளின் எதிரொலியோடு அந்தக் குரல்: "பத்தாம் மேடையில் தெற்கு நோக்கிச் செல்லும் பேருந்து புறப்படத் தயாராக உள்ளது." ஒரு மூச்சு. "தங்கம், குடை எடுத்தியா? தனியாத் திரிஞ்சது போதும். தம்பி தேடறான். திரும்பி வா."

பின்னால் கண்காணிப்பாளர் பதறுவது கேட்டது: "அம்மா, மைக்கு ஆன்ல இருக்கு!"

"தெரியும் சார்."

அதற்குப் பிறகு இரண்டு தட்டு. மைக்கைத் தட்டினால் வரும் சத்தம் எனக்குத் தெரியும். இது நகம் பல்லில் பட்ட சத்தம். டொக், டொக்.