கடலைக் கொல்லையில் ஒரு துளை போட்ட காசு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாலவாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு வேர்க்கடலைக் கொல்லை. கொளுத்துகிற வெயிலில் நான் மண்டியிட்டு உட்கார்ந்து, கையிலிருந்த கசங்கிய மாத்திரை அட்டையை முறைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அது எத்தனையாவது அட்டை என்று எண்ணுவதை எப்போதோ விட்டிருந்தேன்.

எனக்கு அங்கே என்ன வேலை என்றுதானே கேட்கிறீர்கள்?

என் பள்ளித் தோழன் தணிகாசலம் குடிநீர்க் குழாய் கான்ட்ராக்டர். ரோடு போடுகிறவர்கள் தாருக்கு அடியில் புதைத்துவிட்டுப் போகிற வால்வு மூடிகளைக் கண்டுபிடிக்க ஒரு மெட்டல் டிடெக்டர் வைத்திருக்கிறான். நீளக் கம்பு, அதன் நுனியில் ஒரு தட்டு, காதுக்கு ஹெட்போன். அவன் சித்தப்பா மகள் சுமதிக்கு ஒரு சிக்கல், மெஷினோடு போகிறேன், நீயும் வருகிறாயா என்றான். பத்தி எழுதுகிறவன் இதற்கெல்லாம் மாட்டேன் என்று சொல்வானா?

சிக்கல் சின்னதில்லை. கடலை பிடுங்கும்போது சுமதியின் மஞ்சள் கயிறு அறுந்துவிட்டது. கயிறு ரவிக்கையில் மாட்டிக்கொண்டு கிடைத்தது. தாலி கிடைக்கவில்லை. அடுத்த வாரம் அவள் கணவர் ஏகாம்பரத்துக்குச் சென்னையில் இதய ஆபரேஷன். இதற்கு மேல் நான் விளக்க வேண்டுமா? கழுத்தில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டு, சரியான சாப்பாடு தூக்கம் இல்லாமல், அந்தக் கொல்லையையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். பார்க்கவே சங்கடமாக இருந்தது.

ஏகாம்பரமோ வரப்பில் உட்கார்ந்து சிரித்தார்.

"நான்தான் எதுருலயே குந்திக்கினு கீறேனே... இன்னாத்துக்கு சார் இவ இப்படிப் பேஜார் பண்றா?"

"நீ கம்முனு கெட!" என்றாள் சுமதி. குரல் உடைந்துவிட்டது. அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

தணிகாசலம் மெஷினை ஆன் செய்தான். இரும்பு என்றால் தொண்டை கட்டியவன் போல உறுமும். டிராக்டர் போல்ட்டு, துருப்பிடித்த ஆணி எல்லாம் அந்த ரகம். செம்பும் வெள்ளியும் கணீரென்று மணியடிக்கும். ஆணிக்குக் குறுக்கே தட்டை ஓட்டிப் பார்த்தால் சத்தம் விட்டுவிட்டு வரும். காசு வட்டமாயிற்றே... எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒரே குரல்.

"இது காசுடா" என்றான் ஓரிடத்தில். இன்னும் மண்வெட்டியே போடவில்லை!

தோண்டினால்... பச்சை பூத்த ஓட்டைக் காலணா. கொஞ்சம் தள்ளி இன்னொரு கணீர். இன்னொரு செம்புக் காசு. அதற்குப் பக்கத்தில், தேய்ந்துபோய் எந்தக் காலத்தது என்றே தெரியாத ஒன்று. கடலைக் கொல்லையில் இத்தனை காசு எப்படி வரும்?

ஏகாம்பரம்தான் சொன்னார். "ஏரி வண்டல் சார் இது. கோடைல வண்டி வண்டியா அள்ளிக்கினு வந்து கொட்டுவோம். ஏரி ரொம்பி கலங்கல் மேல தண்ணி வழிஞ்சா, மஞ்சா குங்குமம் வெச்சிக் கும்புட்டு தண்ணில காசு வுடுவாங்க இல்ல? அதுவும் மண்ணோட வந்துகீது."

யோசித்துப் பாருங்கள். தண்ணீர் வந்துவிட்டது, இந்த வருஷம் பிழைத்தோம் என்று யாரோ மடியை அவிழ்த்துப் போட்ட காசு. போட்டவர் போய்விட்டார். அவருடைய நன்றி மட்டும் மண்ணுக்குள் கிடந்து, தட்டைக் காட்டியதும் கணீரென்று பேசுகிறது.

சரி, தங்கம் எப்படிப் பேசும்? கோயில் மணி மாதிரி கூவும் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். சின்னத் தங்கத்துக்கு நடுத்தரமான, மொண்ணையான ஒரு சத்தம். மாத்திரை அட்டைக்கும் அச்சு அசல் அதே சத்தம்! பூச்சிமருந்து பாக்கெட்டுக்கும் அதேதான். மெஷினில் குப்பையை ஒதுக்க ஒரு பட்டன் உண்டு. அதை அமுக்கினால் குப்பையோடு தங்கமும் காதில் விழாது. ஒவ்வொரு குப்பையையும் தோண்டித்தான் ஆக வேண்டும். எத்தனை நல்ல மனிதர்களை இப்படி வெறும் அட்டை என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறேனோ, தெரியவில்லை.

மாலைவரை தோண்டினோம். அட்டை, பாக்கெட், ஷாம்பு உறை, மறுபடியும் அட்டை. சுமதி ஒவ்வொரு சத்தத்துக்கும் ஓடி வந்தாள். ஒவ்வொரு தடவையும் முகம் சுருங்கித் திரும்பினாள்.

வெயில் சாயும் நேரத்தில் திரும்பவும் கணீர். செம்புதான், தாலி இல்லை என்று தெரிந்தும் தணிகாசலம் தோண்டினான். ஒரு பழைய காசு. ஓரத்தில் யாரோ கையால் போட்ட சின்னத் துளை. ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. கயிற்றில் கோத்து, தோலில் பட்டுப் பட்டு, வருஷக்கணக்கில் தேய்ந்த தேய்மானம்.

"கொழந்த அரைஞாண்ல கட்டினதா இருக்கும்" என்றான் தணிகாசலம்.

சுமதி அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"இல்லணா... இது கழுத்துல கெடந்தது. தங்கம் வாங்க வக்கில்லாதவ எவளோ கட்டிக்கினு இருந்திருக்கா. அவளும் தேடியிருப்பா இல்ல?"

கட்டைவிரலால் அந்தத் துளையைத் தடவினாள்.

"கெடைக்கலயே. அப்பால இன்னா பண்ணியிருப்பா?"

ஏகாம்பரம் மெதுவாகச் சொன்னார். "இன்னா பண்ணுவா? வேற ஒண்ணு கட்டிக்கினு, மறுநாளே களை எடுக்க வந்திருப்பா. அவ புருசனும் நல்லாதான் இருந்திருப்பான்."

சுமதி சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அவர் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். நான் ஏரிக்கரைப் பனைமரங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். வேறென்ன செய்ய?

"போதும்ணா. மெசின நிறுத்து" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. பிறகு கையாலேயே மண்ணைப் பறித்து, அந்தக் காசைத் திரும்ப உள்ளே வைத்து மூடினாள். மற்ற காசுகளை விஏஓவிடம் கொடுத்து விவரம் சொல்லியாயிற்று. அந்த ஒன்றை மட்டும்... அதிகாரிகள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து இந்த வரியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீடு திரும்பிய வாரமே ஏகாம்பரம் ஊர்க் கோயிலில் வைத்துப் புதுத் தாலி கட்டினாராம். விசாரிக்கப் போன் செய்தபோது சுமதிதான் எடுத்தாள். அடுத்த விதைப்புக்கு முன் தணிகாசலத்தை மெஷினோடு இன்னொரு தரம் அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"வாணாம் சார். அந்தம்மா எவ்ளோ காலமா அங்க தனியா கெடக்குறாங்க... என்னுது தொணைக்குக் கெடக்கட்டும்."