பஸ் ஸ்டாண்டுக்கு அப்பால் சிதம்பரம்

கல்யாணமாகி வந்து ஆறு வருடம் மேல்பட்டாம்பாக்கத்தில் இருந்தேன். சிதம்பரம் அங்கிருந்து இரண்டு பஸ் தூரம். ஒரு தடவைகூடப் போனதில்லை. என் ஊர் தர்மபுரிப் பக்கம். ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் சிதம்பரம் எப்படி இருக்கும் என்று என்னிடம்தான் கேட்பார்கள், நானும் நன்றாக இருக்கும் என்று சொல்லி வைப்பேன். கணவருக்கு ஓசூரில் வேறு வேலை கிடைத்து, ஊரை விட்டுக் கிளம்பப் பத்து நாள்தான் இருக்கிறது என்றபோதுதான் அது உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை போய் வந்துவிடலாம் என்று முடிவு செய்தோம். ஒரு தாளில் ஒன்பது இடங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரம் குறித்தேன். கோபுரத்துக்குப் பத்து நிமிடம், சன்னதிக்கு முப்பது, ஆயிரங்கால் மண்டபத்துக்குப் பதினைந்து. மத்தியானத்துக்கு மேல் பிச்சாவரத்தில் படகு. ஏழு மணிக்கு வீடு.

சனிக்கிழமை இரவு கணவருக்குப் போன் வந்தது. அவர் வேலை பார்த்தது செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயன ஆலையில். மறுநாள் பகல் ஷிப்டுக்கு ஆள் இல்லை, வந்தே ஆக வேண்டும் என்றார்கள். வேலையை விடப் போகிற நேரத்தில் அவர் மறுத்துப் பேச விரும்பவில்லை. சரி, விடுங்கள் என்றேன். முன்னறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்த மாமனார், திரும்பாமலேயே, "நான் வேணா கூட வரேம்மா" என்றார்.

எனக்கும் அவருக்கும் பெரிய பேச்சுவார்த்தை இருந்ததில்லை. சண்டையும் இல்லை. அத்தை இருந்தவரை எதுவாக இருந்தாலும் அவர் வழியாகப் போகும், அவர் வழியாக வரும். அத்தை இறந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு காபி ஆறுகிறது மாமா, மாத்திரை தீர்ந்துவிட்டதும்மா என்ற அளவில் நின்றுவிட்டது. அவருடன் ஒரு முழு நாளை எப்படிக் கழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் ஒரு வசதி இருந்தது. அவர் ஓய்வு பெற்ற அரசு பஸ் டிரைவர். கடலூர் சிதம்பரம் தடத்தில் இருபத்தாறு வருடம் ஓட்டியவர். வழி கேட்டு நேரத்தை வீணடிக்க வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கடலூரில் பஸ் மாறி ஏறியதும் டிரைவருக்குப் பின்னால் இருந்த ஜன்னலோர இருக்கையில் அவர் உட்கார்ந்தார். நான் ஒரு வரிசை தள்ளிப் பெண்கள் பக்கம் உட்கார்ந்தேன். வண்டி எங்கே வேகம் குறைய வேண்டுமோ அங்கே அவருடைய வலது கால் தரையை அழுத்தியது. செம்மங்குப்பம் வந்ததும் வழக்கமான நெடி உள்ளே அடித்தது. கணவர் இந்த மதிலுக்குப் பின்னால் எங்கோ இருக்கிறார் என்று நினைத்தேன். அதைக் கடந்து சில இடங்களில் பஸ் பழைய ரோட்டை விட்டுப் புது நாலு வழிச் சாலையில் ஏறியது. அப்போதெல்லாம் அவர் புது ஊருக்கு வந்தவரைப் போல இரண்டு பக்கமும் பார்த்தார்.

பத்தரை மணிக்கு சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். தாளை எடுத்து வைத்துக்கொண்டு, கோயிலுக்கு எந்தப் பக்கம் மாமா என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாதும்மா. நான் பஸ் ஸ்டாண்ட தாண்டி உள்ள போனதில்ல" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் விளையாட்டுக்குப் பேசுகிற ஆள் இல்லை. டைம் கீப்பர் அறை, ஒரு டீக்கடை, கழிப்பறை, அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த சிதம்பரம். ஒரு பூக்காரம்மாவிடம் வழி கேட்டு நடந்தோம். நான் முன்னால், அவர் பத்தடி பின்னால்.

கீழைக் கோபுர வாசலில் நுழைந்ததும் இரண்டு பக்கச் சுவரிலும் நாட்டியம் ஆடும் பெண்கள் வரிசை வரிசையாக மேலே போனார்கள். கட்டம் கட்டமாக, கட்டத்துக்கு ஒருத்தி. நான் அண்ணாந்து பார்த்தேன், இரண்டு படம் எடுத்தேன், பத்து நிமிடம் முடிந்தது. மாமா அங்கேயே நின்றுகொண்டிருந்தார். கீழ் வரிசையிலிருந்து ஒவ்வொரு பொம்மையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். முகத்தையோ கையையோ பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். பன்னிரண்டு மணிக்கு நடை சாத்திவிடுவார்கள், போகலாமா என்றேன். நீ போய்ப் பார்த்துட்டு வாம்மா, நான் இங்கேயே இருக்கேன் என்றார்.

உள்ளே நல்ல கூட்டம். பொற்கூரையைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பியபோது பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். திரை விலக்கிக் காட்டிய சமயத்தில் தங்க வில்வ இலைச் சரம் ஒரு கணம் பளபளத்தது, அதற்குள் முன்னால் நின்றவரின் தலை மறைத்துவிட்டது. ஆயிரங்கால் மண்டபத்தை வெளியிலிருந்து பார்த்தேன். குளத்தைச் சுற்றி வேகமாக நடந்தேன். தாளில் நான்கு இடங்களுக்கு டிக் போட்டுவிட்டுக் கோபுரத்துக்கு வந்தபோது மாமா அங்கே இல்லை.

அவருடைய போன் என் பையில் இருந்தது. சட்டைப் பையில் கனமாக இருக்கிறது என்று பஸ்ஸில் கொடுத்திருந்தார். செருப்பு வைக்கும் இடத்தில் கேட்டேன். பிராகாரத்தை ஒரு சுற்று வந்தேன். நடை சாத்தி ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டையும் வேட்டியும் கட்டிய நரைத்த தலைகள் நூறு இருந்தன. அவருக்குத் தெரிந்த ஒரே இடம் பஸ் ஸ்டாண்டுதானே என்று ஆட்டோ பிடித்து அங்கே போனேன். டைம் கீப்பர் அறையில் இருந்தவருக்கு அவரைத் தெரிந்திருந்தது. ரிட்டயர் ஆன பிறகு இந்தப் பக்கமே வரவில்லையே என்றார். கணவருக்குப் போன் செய்தால் ஆலைக்குள் எடுக்க மாட்டார். எடுத்தாலும், உங்கள் அப்பாவைத் தொலைத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது. அதே ஆட்டோவில் திரும்பினேன்.

மேலைக் கோபுர வாசலில் நின்றுகொண்டிருந்தார். அங்கேயும் அதே மாதிரி பொம்மைகள். கழுத்தை நீவிவிட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவரிடம் குரலை உயர்த்தினேன். சொல்லிவிட்டுப் போகத் தெரியாதா என்று கேட்டேன். பஸ் ஸ்டாண்டு வரை தேடிப் போனதைச் சொன்னேன். பக்கத்தில் நின்ற வெளியூர்க் குடும்பம் ஒன்று எங்களைப் பார்த்துவிட்டு நகர்ந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு முழுதும் கேட்டார்.

"தப்புதாம்மா. சொல்லிட்டு வந்திருக்கணும்" என்றார்.

பிறகு சன்னதி வீதியில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டோம். ரசம் ஊற்றும்போது எனக்குக் கோபம் குறைந்திருந்தது. அப்படி என்ன இருக்கிறது அந்தப் பொம்மைகளில் என்று கேட்டேன். மோர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் சொன்னார்.

அத்தை வருடத்தில் இரண்டு மூன்று தடவை தன் அக்காவோடு சிதம்பரம் வருவாராம். மாமா ஓட்டுகிற பஸ்ஸில்தான். காலையில் கொண்டுவந்து இறக்கிவிட்டு அவர் அடுத்த டிரிப் போய்விடுவார். சாயங்காலம் அதே பஸ்ஸில் அத்தை ஏறிக்கொள்வார். மார்கழி தரிசனத் திருவிழாவன்று இவருக்கு ஸ்பெஷல் பஸ் டியூட்டி, லீவு கிடைக்காது. லீவு கிடைக்கிற நாளில் மறுபடி இதே ரோட்டில் ஏறி உட்காரத் தோன்றாது. நீங்களும் ஒரு தடவை வாங்க என்று அத்தை கேட்டுக்கொண்டே இருந்தாராம். ரிட்டயர் ஆகட்டும் என்று இவர் சொல்லியிருக்கிறார். ரிட்டயர் ஆன வருடம் அத்தைக்கு டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டது.

"திரும்பி வர்றப்ப என் சீட்டுக்குப் பின்னால நின்னுக்கிட்டு பாத்ததையெல்லாம் சொல்லிக்கிட்டே வருவா. இன்ஜின் சத்தத்துல பாதிதான் கேக்கும். நான் ரோட்டைப் பாப்பனா, அவளைப் பாப்பனா. ஒருத்தி கால தூக்கி நெத்தி வரைக்கும் வச்சிருக்கா, எப்படித்தான் நிக்கிறாளோன்னு சொல்வா. அது ஒண்ணு மட்டும் நல்லா கேட்டுச்சு. எந்தக் கோபுரம்னு நான் கேக்கல."

கீழைக் கோபுரத்தில் கீழ் வரிசைகளில் தேடியும் கிடைக்கவில்லை. மேல் வரிசைகள் அவர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. மேற்கிலும் இதே மாதிரி இருக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு நடந்திருக்கிறார்.

பிச்சாவரத்துக்கு இனிமேல் போனால் கடைசிப் படகு கிடைக்குமா என்பது சந்தேகம்தான். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. மறுபடி மேலைக் கோபுரத்துக்கே போனோம். போனில் கேமராவைத் திறந்து, பெரிதாக்கி, ஒவ்வொரு கட்டமாக அவருக்குக் காட்டினேன். வாசலில் நின்றபடி அதைச் செய்ய ஒன்றரை மணி நேரம் ஆனது. முட்டியை மடக்கியவள், திரும்பிப் பார்க்கிறவள், ஒரு காலைப் பின்னால் தூக்கியவள். மேலே போகப் போகப் படம் ஆடியது. என் முழங்கையை அவர் கீழிருந்து பிடித்துக்கொண்டார். மேலே ஓரமாக ஒரு கட்டத்தில் அவள் இருந்தாள். பாதம் தலைக்குப் பக்கத்தில் இருந்தது, மற்ற கால் நேராக ஊன்றியிருந்தது. மூக்கு உடைந்திருந்தது.

அவர் போனை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "இவதான்" என்றார். அத்தை சொன்னது இவளைத்தானா என்று எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. இதே மாதிரி ஒருத்தி மற்றக் கோபுரங்களிலும் இருப்பாள் என்று பிற்பாடு எங்கோ படித்தேன். அதையும் அவரிடம் சொல்லவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தோம். வெள்ளாற்றுப் பாலம் தாண்டுவதற்குள் அவர் தூங்கிவிட்டார். கால் அசையவில்லை. இரவு கணவர் வந்து, என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். மாமா பொம்மைகளைப் பற்றிச் சொன்னார், என்னைத் தவிக்கவிட்டதையும் சொன்னார். தன் மனைவி தன் அப்பாவைத் திட்டினாள் என்பதை நம்ப முடியாமல் கணவர் என்னைப் பார்த்தார்.

அடுத்த சில நாளில் ஓசூர் வந்துவிட்டோம். அவரையும் வரச் சொன்னோம், ஊரை விட்டு வர முடியாது என்றார். நாத்தனார் வீடு பக்கத்து ஊரான நெல்லிக்குப்பத்தில்தான், சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை. வேலையில் இருந்தவர்களுக்குக் கொடுக்கிற பஸ் பாஸ் அவரிடம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மாதத்துக்கு ஒரு தடவை எங்காவது போய் வர ஆரம்பித்தார். பரங்கிப்பேட்டைக் கடற்கரை, விருத்தாசலம், திருக்கோவிலூர். ஒரு நாளைக்கு ஒரு இடம், அதற்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. சாயங்காலம் வீடு திரும்பியதும் போன் வரும். மகனுக்கு இல்லை, எனக்கு. போன மாதம் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போயிருந்தார். அங்கே புல்தரையில் ஒரு மணி நேரம் படுத்திருந்ததாகவும், வெயில் ஜாஸ்தி, ஆனால் காற்று நன்றாக இருந்தது என்றும் சொன்னார்.