மூன்றாவது பொட்டலம்

என் தாய்மாமாவிடம் ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தது. லைசென்ஸ் உள்ளது. தோட்டா எல்லாம் கிடையாது. குழல் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, எண்ணெய்த் துணியில் பொதிந்த ஈயக்குண்டை வைத்து, நீளக் கம்பியால் கெட்டிக்க வேண்டும். ஒவ்வொரு வேட்டுக்கும் முதலிலிருந்து அத்தனையும் செய்யணும்.

அந்த மாதிரித் துப்பாக்கி சொன்னபடி கேட்காது என்பார்கள். மாமாவுக்குக் கேட்டது. அதற்கு அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். துணி எப்போதும் ஒரே பழைய வேட்டியில் கிழித்ததாக இருக்கும். மருந்தைச் சின்ன மூங்கில் குழாயில் அள்ளி, மேலே ஈர்க்குச்சியால் மட்டமாக வழித்து, காகிதத்தில் பொட்டலமாக மடிப்பார். ஒரு வேட்டுக்கு ஒரு பொட்டலம். சுட்டதும் ஈரத்துணி விட்டுக் குழலைத் துடைப்பார். "நேத்து எப்படிச் செஞ்சமோ அப்படியே இன்னைக்கும் செய்யணும்த்தா. அம்புட்டுத்தான் வித்தை" என்பார். கம்பியில் ஆணியால் போட்ட கீறல் ஒன்று உண்டு. கெட்டித்து முடித்ததும் அது குழல் வாய்க்குச் சரியாக வந்து நிற்கும். எதற்கென்று நான் கேட்டதில்லை.

நாங்கள் இருந்தது வாடிப்பட்டிக்கு வடக்கே, மலையடிவாரத்தில். அந்த வருசம் காட்டுப்பன்றி இறங்கிக் கடலைக்காட்டை உழுதுபோட்டது. வெள்ளாமை செய்கிற சம்சாரிகள் கூடிப் பன்றிக் காவலுக்கு ஆள் வைக்க முடிவு செய்தார்கள். மாமாவுக்கு நிலம் இல்லை. எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அவர் இலையை அப்பா பார்க்கிற பார்வை எனக்கே ஒருமாதிரி இருக்கும். காவல் கிடைத்தால் தனியாக ஒரு குடிசை போட்டு நிமிர்ந்துவிடுவார்.

சோதனைக்குக் கண்மாய்க் கரையில் மூன்று மண்கலயம் வைப்பதாகப் பேச்சு. மூன்றும் உடையணும். சம்சாரிகளில் பெரியவர் ஒருவர் சொன்னார்: "ஒண்ணு ரெண்டு எவனும் அடிப்பான் மாப்ள. காட்டுக்குள்ள ஆடு மாடு நிக்கும், ஆளு நிக்கும். மூணும் ஒண்ணுபோல விழுந்தாத்தான் உன்னை நம்பி விடுவோம்."

அன்று காலை மாமா கொல்லையில் ஈயம் உருக்கிக்கொண்டிருந்தார். பொட்டலம் மடிக்க என்னை வீட்டுக்குள் உட்கார வைத்தார். எனக்கு ஒன்பது வயசு. தலைகால் புரியவில்லை. இரண்டு பொட்டலத்தைச் சொன்னபடி வழித்து மடித்தேன். மூன்றாவது கடைசி வேட்டு, அதுதான் முக்கியம் என்று எனக்கே தோன்றியது. வழிக்காமல் ஒரு குழாய் போட்டு, மேலே இன்னும் அரைக்குழாய் சேர்த்தேன். அம்மா சோறு வைக்கையில் கடைசியில் ஒரு கை கூட வைப்பாளே, அந்த மாதிரி.

முதல் கலயம் சிதறியது. இரண்டாவதும். மூன்றாவது பொட்டலத்தைக் கொட்டிக் கெட்டித்தபோது கம்பியின் கீறல் குழல் வாய்க்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. திரும்ப இடித்தார். அப்படியே நின்றது. மாமா கம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கூட்டத்தில் நின்ற அப்பாவைப் பார்த்தார். அப்பா கோபம் வந்தால் புளியமாறு எடுப்பவர். நான், தைரியமாகச் சுடுங்க என்கிற மாதிரி மாமாவைப் பார்த்துச் சிரித்தேன்.

வேட்டு வேறு மாதிரிக் கேட்டது. மாமாவின் தோள் பின்னால் போனது. கலயம் வைத்தபடி இருந்தது. அதற்கு மேலே ஒரு பனையோலை அறுந்து தொங்கியது.

"மாப்ள பதனி இறக்கப் போயிட்டான்டா" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பயத்தில் சிரித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் அப்போது பயம் வரவில்லை. கூட்டம் சிரித்தது, சிரித்தேன். பயம் வீட்டுக்குப் போகும் வழியில்தான் வந்தது.

"கள்ளைக் குடிச்சிட்டு வந்தியாடா?" என்று அப்பா கேட்டார்.

"கை ஆடிருச்சு மச்சான்" என்றார் மாமா.

பக்கத்திலேதான் நின்றேன்.

காவலுக்கு வேறு ஆள் வைத்தார்கள். அடுத்த வாரமே மாமா மதுரைக்குப் பஸ் ஏறினார். ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜில் மாடிக்குத் தண்ணி சுமக்கிற வேலை. அங்கேயே கிழவரானார்.

எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகு ஒருநாள் அவர் அறைக்குப் போனேன். துப்பாக்கியை எப்போதோ ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார். கம்பி மட்டும் இருந்தது, சுவர் மூலையில் குறுக்காகக் கட்டி அதில் துண்டு காயப்போட்டிருந்தார். கீறல் அழியவில்லை.

"இது எதுக்கு மாமா போட்டீங்க?"

"மருந்து கூடினா இது மேல நிக்கும். குறைஞ்சா உள்ள போயிரும். ஆனா கெட்டிச்ச பெறகு சட்டுனு எடுக்க முடியாதுத்தா, சுட்டுத்தான் தீக்கணும்." சொல்லிக்கொண்டே துண்டை இழுத்து அந்த இடத்தை மூடினார். "இரு, காபி வாங்கியாரேன்."

அன்று கம்பியைப் பார்த்து, என்னைப் பார்த்து, அப்புறம் அப்பாவைப் பார்த்தாரே.

திரும்பி வந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். இரண்டு டம்ளரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மாடியேறி வந்தார். சூடு ஆறுவதற்குள் குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேன் மாமா என்று எழுந்துவிட்டேன்.