தம்ளர்ல விழுந்த பல்லு

ஏட்டி, பல்செட்டைக் கழுவிக் குடுத்தமா, போனமான்னு இல்லாம, "ஏன் ஆச்சி சிரிக்கே"ன்னு என்ன கேள்வி? செட்டுல ஒரு பல்லு ஆடுதுல்லா, அதைப் பாத்ததும் அந்தக் கஞ்சப்பய ஞாபகம் வந்துட்டு.

நான் பாவாடை கட்டுன வயசு. எங்க அக்காவைப் பொண்ணு பாக்க ராதாபுரத்துல இருந்து வந்தாவ. மாப்பிள்ளையோட அப்பன், பெரிய துரை, "பொண்ணுக்குப் பல்வரிசை சரியில்லையே"ன்னான். அக்கா முகம் சுண்டிப்போச்சு. அவன் வாயில இருந்ததே பல்செட்டு! கழண்ட முன்பல்லு ரெண்டையும் டாக்டர்ட்ட காட்டாம, நகை ஆசாரிட்ட அரக்கு வச்சு ஒட்டிருக்கான். கொதிக்கக் கொதிக்க சுக்கு தட்டிப்போட்ட கருப்பட்டிக் காப்பியைக் குடிச்சான், அரக்கு இளகிட்டு. பல்லு ரெண்டும் தம்ளர்ல!

அக்கா அதைக் கரண்டியால எடுத்து, கழுவி, தட்டுல வச்சு நீட்டுனா. "வரிசையா வச்சிருக்கேன், மாமா."

வாயைப் பொத்திக்கிட்டு ஓடுனான். பக்கத்து வீட்டுக்காரிய வந்து விசாரிச்சாளுவ. அக்கா சொன்னா: "அவுகளுக்கு என்னையப் பிடிக்கலயாம். பல்லு ரெண்டுக்கும்தான் பிடிச்சுப்போச்சு, எங்க வீட்டோடயே தங்கிட்டு."