ஒன்பது சென்ட் குறைந்தது

திருப்பதியில் கட்டிடக்கலை இரண்டாம் ஆண்டு படித்தபோது, கம்ப்யூட்டரில் படம் வரையும் பாடத்தை வெறுத்தது போல நான் வேறு எதையும் வெறுத்ததில்லை. லேபில் ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். என் பக்கத்தில் உட்கார்ந்தவள் மவுஸை விடவே மாட்டாள். நான் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பேன். மேடம் நடத்துவது தெலுங்கில், கட்டளைகள் எல்லாம் ஆங்கிலத்தில், எனக்குக் கோபம் வருவது மட்டும் தமிழில். ஒரு கோட்டை அழிக்கப் போனால் மொத்தப் படமும் போய்விடும். பாதியில் கரண்ட் போனால் அன்றைய வேலையும் போச்சு.

அந்தப் பருவத்துக்குத் தோட்ட வடிவமைப்புப் பயிற்சி ஒன்று கொடுத்தார்கள். தெரிந்த நிலம் ஒன்றை நாமே டேப் பிடித்து அளந்து, கம்ப்யூட்டரில் வரைந்து, எங்கே மரம், எங்கே பாதை என்று திட்டம் போட்டுத் தர வேண்டும். அதில் தேறாவிட்டால் ஒரு வருடம் வீண், ஸ்காலர்ஷிப்பும் நின்றுவிடும். எனக்குத் தெரிந்த நிலம் ஒன்றே ஒன்றுதான். விஜயபுரம் பக்கத்தில் எங்கள் வேர்க்கடலைக் கொல்லை. நிலமே இல்லாமல் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பத்துக்கு அரசாங்கம் கொடுத்த ஒரு ஏக்கர். ஒரு ஏக்கர் என்று எழுதிய அதன் பட்டா பாஸ் புக் வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும். கை கழுவாமல் அதைத் தொடக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். நைனா, அதாவது அப்பா, டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க, நான்கு பக்கமும் அளந்தோம். வடக்கும் தெற்கும் இருநூறு அடி. கிழக்கும் மேற்கும் நூற்றுத் தொண்ணூற்றெட்டு. மூலைக்கு மூலை குறுக்கே இருநூற்று எண்பத்தொன்று. கிழக்கு வரப்பில் நின்றபோது, "நல்லா பாத்து எய்திக்கோம்மா" என்று நைனா இரண்டு தடவை சொன்னார். சரி சரி என்று நானும் எழுதிக்கொண்டேன்.

ஹாஸ்டலுக்கு வந்து என் பழைய லேப்டாப்பில் வரைந்தேன். வரைந்து முடித்துப் பரப்பளவு கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடும். சென்ட் கணக்குக்கு மாற்றிப் பார்த்தேன், தொண்ணூற்றொன்று. ஒரு ஏக்கர் என்றால் நூறு சென்ட். எங்கோ தப்பு செய்திருக்கிறேன் என்று மறுபடி வரைந்தேன். தொண்ணூற்றொன்று. அளவுகள் அடியில் இருக்கின்றனவா, கோடுகள் மூடியிருக்கின்றனவா என்று சோதித்து, எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து வரைந்தேன். ஏழாவது தடவையும் அதே எண் வந்தபோது லேப்டாப்பைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாமா என்று இருந்தது. அழுதேவிட்டேன். மற்றவர்கள் எல்லாம் மரம் வைக்க ஆரம்பித்திருந்தார்கள். எனக்கு நிலமே நிற்கவில்லை.

பாஸ் புக் பொய் சொல்லும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. டேப் தொய்ந்திருக்கும், நான் தப்பாக எழுதியிருப்பேன், இந்தப் பாழாய்ப் போன பாடம் எனக்கு வராது, இப்படித்தான் தோன்றியது. கடைசியில் கிழக்கு எல்லைக் கோட்டைப் பிடித்து இருபது அடி வெளியே இழுத்தேன். ஒரு ஏக்கர், கச்சிதம். அந்தக் கோட்டை ஒட்டி வரிசையாக மாமரம் வைத்து, அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மேடம் படத்தைப் பார்க்கவில்லை. நான் அளவு எழுதிய நோட்டைக் கேட்டார். பிறகு என் ஃபைலைத் திறந்து, திரையில் மூலைக்கு மூலை அளந்து பார்த்தார். இருநூற்றுத் தொண்ணூற்றாறு. நோட்டில் பதினைந்து அடி குறைவு. எந்தக் கோட்டை நகர்த்தினாய் என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். சொன்னேன். "மாமரம் எல்லாம் பக்கத்து ஆள் நிலத்தில் நிற்கிறது" என்று தெலுங்கில் சொல்லி, படத்தின் மேல் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டார். டேப்பை நம்பி வரைந்த முதல் படம்தான் சரி, ஒரு வாரத்தில் அதைக் கொண்டுவா என்றார்.

அன்று சாயங்காலமே பஸ் ஏறினேன். வடமாலபேட்டை தாண்டும்வரை மேடம் மேல் கோபம். அதற்கப்புறம் கணக்குப் போட ஆரம்பித்தேன். ஒன்பது சென்ட் என்றால் மூன்று வீட்டு மனை.

"நைனா, நம்ம நெலம் ஒரு ஏக்கரா இல்ல. ஒம்போது சென்ட் கம்மி" என்றேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை. "தெரியும்மா. கெயக்கால இருக்கறவன் வருசா வருசம் வரப்ப கொத்திக்கினே வந்துட்டான். அவன் போர்லதான் நமக்குத் தண்ணி. வாயத் தொறந்தா நிறுத்திடுவான்."

"அன்னிக்கி அளக்கும்போதே சொல்லக் கூடாதா?"

"நான் சொன்னா வாய்ப்பேச்சுதான? நீ படிச்சிக்கினு இருக்கற பொண்ணு. கம்ப்யூட்டர்ல போட்டு எடுத்தா எம்ஆர்ஓ ஆபீஸ்ல தாசில்தாருகிட்ட காட்டலாம்னு நெனச்சிக்கினு இருந்தேன்." கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு என் பையைப் பார்த்தார். "படம் கொண்டாந்தியா? காட்டு, பாப்பம்."

பைக்குள் ஒரு ஏக்கர் சுருட்டி இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

"இன்னும் முடிக்கல நைனா" என்றேன்.