படம் ஓடும்போது எழுந்து போகிறவள்

லோசாலினே சாக்ஸை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தொட்டியில் போடுவாள். உண்மையாக ஓடிய காலின் சாக்ஸ் ஒரு மாதிரி நாறும். கோச் திரும்பிப் பார்க்கும்போது மட்டும் ஓடிய காலின் சாக்ஸ் வேறு மாதிரி நாறும். டோங்கா பெண்கள் கால்பந்து அணியின் துணிமணிக்குப் பதினோரு வருஷமாக அவள்தான் பொறுப்பு. துவைப்பது, காயப்போடுவது, கிழிந்ததைத் தைப்பது, ஆட்டத்தன்று ஜெர்சிகளை எண் வரிசைப்படி ஆணியில் மாட்டுவது எல்லாம் அவள் வேலை. யார் வேலை செய்தார்கள், யார் ஏமாற்றினார்கள் என்று கோச்சுக்கு முன்னால் தொட்டிக்குத் தெரிந்துவிடும்.

பிறக்கும்போதே அவள் சந்தேகக்காரி இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன் அவள் புருஷன் ஆஸ்திரேலியாவுக்குத் தக்காளி பறிக்கப் போனான். ஆறு மாச வேலை. பெட்டியை அவள்தான் அடுக்கினாள். சர்ச்சுக்குப் போகும்போது இடுப்பில் சுற்றிக் கட்டும் நல்ல பாயையும் மேலே வைக்கச் சொன்னான். வைத்தாள். தக்காளி பறிக்கிறவனுக்கு நல்ல பாய் எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. ஆறு மாசம் கழித்து மற்ற ஆண்கள் வந்திறங்கிய விமானத்தில் அவன் இல்லை. அதே பாயைக் கட்டிக்கொண்டு வேறொருத்தி பக்கத்தில் அவன் நிற்கும் போட்டோ மட்டும் யார் யார் போனிலோ சுற்றிவிட்டு அவளிடம் வந்து சேர்ந்தது. வீட்டில் மிச்சம் இருந்தது ஓரம் பிய்ந்த பழைய பாய் ஒன்று.

அன்றிலிருந்து அவள் எல்லோரிடமும் எல்லாவற்றையும் கேட்பாள். எங்கே போறே, ஏன் இந்த வழியா போறே, நேத்து இல்லாத வாசனை இன்னைக்கு எங்கேருந்து வந்துச்சு. அணிப் பெண்கள் அவளை "லோசா அத்தை" என்பார்கள். முதுகுக்குப் பின்னால் "சுங்கச் சாவடி".

ஆக்லாந்தில் பிறந்த டோங்காக்காரி நேயோமாய் அங்கிருந்து வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. இருபத்திரண்டு வயது, நெடுநெடுவென்ற உயரம், தடுப்பாட்டத்தில் நடுவில் நிற்பவள். எதிராளி எங்கே ஓடப் போகிறாள் என்று அந்த எதிராளிக்கே தெரிவதற்கு முன் அங்கே போய் நின்றுகொண்டிருப்பாள். அவள் வந்ததும் லூபே பெஞ்சுக்குப் போனாள். லூபே லோசாலினேயின் தம்பி மகள். பின்னால் நேயோமாய்மேல் சந்தேகம் வந்தபோது, அதை வைத்து யாரும் ஏதும் சொல்லிவிடக்கூடாது என்று லோசாலினே தன்னையே ஒருமுறை சோதித்துப் பார்த்தாள். இல்லை, இது லூபேக்காக வந்த சந்தேகம் இல்லை. தானாக வந்தது என்று முடிவு செய்தாள்.

அந்தச் சந்தேகம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. முந்தின மாதம் வெளிநாட்டு அணி ஒன்றோடு ஆடித் தோற்றிருந்தார்கள். இவர்கள் மைதான மூலையிலிருந்து கார்னர் அடிக்கும்போதெல்லாம் பந்து விழும் இடத்தில் எதிரணிப் பெண் ஒருத்தி முன்கூட்டியே நின்றிருந்தாள். "யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க" என்று யாரோ விளையாட்டாகச் சொன்னது லோசாலினேயின் காதில் முள்ளாக நின்றது. அந்தச் செவ்வாய், பலகைச் சுவர் போட்ட கூட்ட அறையில் செமிசி ஆட்டத்தின் வீடியோவைப் போட்டான். செமிசி வாவாஉ தீவுக்காரன், பள்ளிக்கூட வாத்தியார், சாயங்காலம் அணிக்குக் கேமரா பிடிப்பவன். விளக்கு அணைந்தது, திரையில் புல் தெரிந்தது. நேயோமாய் எழுந்து வெளியே போனாள்.

வியாழக்கிழமையும் போனாள். அடுத்த செவ்வாயும் போனாள். கையில் போன் இருந்தது.

லோசாலினே வாளியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். பஸ்ஸின் பின்பக்கம், டயர் நிழலில் குந்தியிருந்தாள் நேயோமாய். போன் திரையில் சிவப்பு ஜெர்சிகள், கார்னர் கொடி, அசையாமல் நிறுத்திய படம். அவர்களுடைய கார்னரேதான். கட்டை விரல் திரையில் எதையோ தட்டியது. லோசாலினே வாளியைச் சத்தம் வராமல் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள்.

அதன் பிறகு பார்த்ததெல்லாம் ஒரே பக்கம் கைகாட்டியது. செமிசி தட்டோடு சாப்பிட வந்தால் நேயோமாய் தன் தட்டோடு எழுந்துவிடுவாள். அவன் வாசலில் நின்றால் இவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அணி பஸ்ஸில் போகும், அவன் மட்டும் சைக்கிளில் வருவான். டிரைவர் மோசெசே வண்டியைக் கிளப்புவதற்கு முன் தினமும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு.

"உள்ள அண்ணன் தங்கச்சி, அக்கா தம்பி யாராச்சும் இருக்கீங்களா? இல்லேன்னா கதை சொல்லப் போறேன்."

"யாரும் இல்ல, சொல்லுங்க மாமா!" என்று பெண்கள் கத்துவார்கள். பிறகு, கூடப்பிறந்த ஆணும் பெண்ணும் ஒரே இடத்தில் இருந்து கேட்கக்கூடாத, காது கூசுகிற கதை ஒன்று வரும். நேயோமாய் மட்டும் சிரிக்க மாட்டாள். ஆக்லாந்துக்காரிக்கு நம்ம ஊர்க் கதையில் என்ன சிரிப்பு என்று விட்டுவிட்டார்கள். லோசாலினே விடவில்லை. எதையோ மனசில் வைத்திருப்பவள்தான் சிரிக்க மாட்டாள்.

சமோவாவோடு ஆட்டம் சனிக்கிழமை. புதன்கிழமை மத்தியானம் கோச் இலைசானேயின் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"நான் ஒண்ணு சொல்வேன். என்னை முறைக்கக் கூடாது."

"முறைச்சாச்சு. சொல்லு லோசா."

"அந்த ஆக்லாந்துப் பிள்ளை கார்னரை வெளிய அனுப்புறா. கண்ணால பாத்தேன். அது இல்லேன்னா அவளுக்கும் செமிசிக்கும் என்னமோ இருக்கு. ரெண்டும்கூட இருக்கலாம்."

"ரெண்டுமா? இதோட ஊரையும் அவதான் கொளுத்தினான்னு சொல்லிடேன்."

"நீ சிரி. நானும் ஒருநாள் சிரிச்சுக்கிட்டேதான் பெட்டி கட்டினேன்."

இலைசானே பேனாவைக் கீழே வைத்தாள். செமிசியைக் கூப்பிட்டாள். அந்தப் பிள்ளைக்கும் உனக்கும் என்ன என்று நேராகவே கேட்டாள். செமிசியின் முகம் வெளுத்தது. ஒன்றும் சொல்லாமல் வெளியே போனான். சைக்கிளை எடுக்கக்கூட இல்லை, நடந்தே போனான்.

"பாத்தியா?" என்றாள் லோசாலினே.

"விசாரிக்க நேரமில்ல," என்றாள் இலைசானே. "சனிக்கிழமை அவ உக்காரட்டும். லூபே ஆடட்டும்."

நேயோமாயிடம் சொன்னபோது அவள் ஏன் என்று கேட்கவில்லை. தலையை மட்டும் அசைத்தாள். பூட்ஸைக் கழற்றி, புல்லைத் தட்டி, ஜோடியாக வைத்தாள். திருடி மாட்டினால் இப்படித்தான் அமைதியாக இருப்பாள் என்று லோசாலினே நினைத்துக்கொண்டாள். ஆனால் அன்று தொட்டியில் நேயோமாயின் சாக்ஸ் கையில் வந்தபோது, என்றைக்கும்போல, அதுதான் எல்லாவற்றையும்விட நாறியது. கணுக்கால் வரை சேறு. லோசாலினே அதை ஒரு கணம் பிடித்திருந்தாள். பிறகு தண்ணீரில் அமுக்கினாள்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பயிற்சி. பஸ் கிளம்பும் நேரத்தில் செமிசி சைக்கிள் இல்லாமல் வந்தான். சுத்தமான சட்டை, இடுப்பில் பாய், சர்ச்சுக்குப் போகிறவனைப் போல. ஏறி, டிரைவருக்குப் பின்னால் நின்றான். நேயோமாய் கடைசி இருக்கையில் இருந்தாள், லோசாலினே ஜெர்சி மூட்டையோடு நடுவில்.

மோசெசே கண்ணாடியில் அவனைப் பார்த்தான். "வாத்தியாருக்கும் கதை கேக்க ஆசை வந்துடுச்சு! சரி, உள்ள அண்ணன் தங்கச்சி யாராச்சும் இருக்கீங்களா? பாதிரியார் பொண்டாட்டியும் பன்றிக்குட்டியும்னு ஒரு கதை..."

"இருக்கோம்," என்றான் செமிசி.

கதை அங்கேயே நின்றது. மோசெசேயின் கை தானாகப் போய் ரேடியோவில் ஓடிய காதல் பாட்டையும் அணைத்தது.

"நான் பிறந்த மாசமே என்னைப் பெரியம்மாவுக்குக் குடுத்துட்டாங்க. அம்மா அப்புறம் ஆக்லாந்து போயிட்டாங்க. அங்க பிறந்த தங்கச்சி ஒருத்தி இந்த வண்டியில இருக்கா. நான் இங்க நிக்கக் கூடாது. மூணு மாசமா நான் நிக்கக் கூடாத இடத்துலயெல்லாம் நின்னேன், அவ எழுந்து எழுந்து போனா. இந்த ஆட்டம் முடிஞ்சதும் விலகிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள எங்களப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிட்டாங்க. அந்த வார்த்தையை நான் திருப்பிச் சொல்லக்கூட மாட்டேன்." கடைசி இருக்கைப் பக்கம் அவன் பார்க்கவே இல்லை. "மாமா, கதவத் திறங்க."

இறங்கினான். கதவு மூடியது. நேயோமாய் தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டிருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

யாரும் லோசாலினேயைப் பார்க்கவில்லை. அது பார்த்ததைவிட மோசமாக இருந்தது. வளர்ந்த அண்ணனும் தங்கையும் ஒரே அறையில் இருந்து படம் பார்ப்பதோ சேர்ந்து சாப்பிடுவதோ டோங்காவில் கூடாது. ஆணும் பெண்ணும் ஒருவரைக் கண்டு ஒருவர் விலகிப் போனால் இந்த ஊரில் குழந்தைகூட முதலில் கேட்கும்: அண்ணன் தங்கச்சியா? அவளுக்கு அது தோன்றவேயில்லை. ஆக்லாந்தில் பிறந்த பிள்ளைக்கு நம்ம முறை எங்கே தெரியப்போகிறது என்று, ஒருமுறைகூட வாய்விட்டுக் கேட்காமல், தானே முடிவு கட்டியிருந்தாள். கட்டியது போதாதென்று ஒரு அண்ணனையும் தங்கையையும் சேர்த்துப் பேசியிருந்தாள். இதைவிடக் கேவலமாக ஒரு மனுஷி வாயைத் திறக்க முடியாது.

சாயங்காலம் பீரோவுக்கு அடியிலிருந்து அந்த ஓரம் பிய்ந்த பாயை எடுத்தாள். மன்னிப்புக் கேட்கப் போகிறவள் நல்ல பாய் கட்டக்கூடாது. அவளிடம் இருந்ததும் அது ஒன்றுதான். மார்பு வரை சுற்றிக் கட்டிக்கொண்டு, பெண்கள் தங்கும் விடுதி வாசலில் போய்த் தரையில் உட்கார்ந்து தலையைக் குனிந்தாள். மன்னிக்க வேண்டியவர் கூப்பிடும்வரை பேசக்கூடாது. பெண்கள் ஒவ்வொருத்தியாக அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். ஒருத்தியும் சுங்கச் சாவடி என்று சொல்லவில்லை.

கடைசியில் இரண்டு நீளமான பாதங்கள் அவள் முன்னால் வந்து நின்றன.

"சொல்லுங்க அத்தை."

"உன் போன்ல கார்னர் படத்தப் பாத்தேன். நீ அத யாருக்கோ அனுப்புறேன்னு..."

"எல்லாருக்கும் வர்ற அதே வீடியோதான். நீங்கள்லாம் உள்ள பாத்தீங்க, நான் வெளிய பாத்தேன். நிறுத்தி நிறுத்திப் பாத்தேன்."

"ஏம்மா ஒரு வார்த்தை சொல்லலே?"

"சொல்லி நாலு பேருக்குத் தெரிஞ்சா அவர் அன்னைக்கே கேமராவ வச்சிட்டுப் போயிருப்பார். தங்கச்சி இருக்கிற எடத்துலேருந்து அண்ணன்தான் விலகணும். எங்கம்மா என்னை விமானம் ஏத்தும்போது சொன்னது அது ஒண்ணுதான். அவர் போனா வேற யார் படம் பிடிப்பா? நான் எழுந்து போறது சுலபம்." குனிந்து, பாயின் பிய்ந்த ஓரத்தைப் பார்த்தாள். "நீங்க எல்லாரையும் எல்லாம் கேப்பீங்கன்னு சொன்னாங்க. எனக்கு ஒரு பதில் தயாரா இருந்துச்சு அத்தை. என்கிட்ட மட்டும் நீங்க கேக்கவேயில்ல."

லோசாலினே நிமிரவில்லை.

"எழுந்திருங்க. கொடியில சாக்ஸ் இருக்கு, மழை வர்ற மாதிரி இருக்கு."

அங்கிருந்து நேராகக் கோச்சிடம் போனாள், அதே பாயோடு. இலைசானே அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நான் சொன்ன ரெண்டும் பொய். அவ நாளைக்கு ஆடணும்."

"பெயர்ப் பட்டியல் காலைலதான் குடுக்கணும். மாத்திடலாம். உனக்கு ஒண்ணு தெரியுமா லோசா? நம்ம கார்னர யாரும் விக்கல. நாம அஞ்சு வருஷமா அதே கார்னரத்தான் அடிக்கிறோம். புதுசா யோசிக்க எனக்கு வரல. அத ஒத்துக்க வெக்கமா இருந்துச்சு. அதனாலதான் நீ சொன்னத உடனே நம்பினேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "லூபேகிட்ட யார் சொல்றது?"

"நான்தான் அவளுக்கு அத்தை."

லூபே பூட்ஸுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டுத் துணியை வீசினாள். "ஆடுன்னதும் நீங்க, உக்காருன்றதும் நீங்க. நான் என்ன உங்க சாக்ஸா, மாட்டி மாட்டிக் கழட்டறதுக்கு?" அப்பாவின் அக்காவை எதிர்த்துப் பேசுவது முறையில்லை. அன்று அவள் பேசினாள். லோசாலினே நின்று கேட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை நேயோமாயின் நான்காம் எண் ஜெர்சியை ஆணியில் அவளே மாட்டினாள். செமிசி வரவில்லை. கேமராவைத் துணியில் சுற்றி மோசெசேயிடம் கொடுத்தனுப்பியிருந்தான். இலைசானே அதை லோசாலினேயின் மடியில் வைத்தாள். "எல்லாத்தையும் பாக்கிறவ நீதானே. பிடி."

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. சமோவாவின் கடைசி இரண்டு கார்னர்களையும் நேயோமாய்தான் தலையால் முட்டி வெளியே அனுப்பினாள்.

ஞாயிறு ஊரில் ஒரு பந்தும் உருளாது. திங்கட்கிழமை எல்லோரும் கூட்ட அறையில் கூடினார்கள். வயர்களைச் சொருக லோசாலினேக்குத் தெரியாததால் செமிசி முன்கூட்டியே வந்து சொருகிவிட்டு, பெண்கள் வருவதற்குள் வெளியே போய்விட்டான். விளக்கு அணைந்தது. நேயோமாய் முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், முதல் முறையாக.

திரையில் லூபேயின் முகம் வந்தது, பெஞ்சில். பிறகு நடுவரின் கை. பிறகு சமோவா கோச் யாரிடமோ குனிந்து பேசுவது, வெகுநேரம். பிறகு வேலிக்கு வெளியே நின்ற ஒரு ஆள், அவன் சட்டைப்பை, மறுபடியும் சட்டைப்பை.

"லோசா," என்றாள் இலைசானே இருட்டில், "பந்து எங்க?"

முதலில் சிரித்தது நேயோமாய். பிறகு அறையே சிரித்தது. லூபே மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு தாக்குப்பிடித்தாள். கடைசியில் அவளும் தோற்றாள்.

லோசாலினே வெட்கத்தில் ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே, பஸ்ஸின் பின்பக்கம், டயர் நிழலில் செமிசி குந்தியிருந்தான். கையில் போன். கட்டை விரல் திரையில் எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

யாருக்கு அனுப்புகிறான்?

அந்தக் கேள்வி அவளைக் கேட்காமலே வந்து நின்றது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு வாளியை எடுக்காமல், வெறும் கையோடு, அவனிடமே கேட்டுவிட வெளியே நடந்தாள்.